பாரியில் மீன் தின்னாதவன்

"தொப்!"

பின்கதவுக்கு அந்தப் பக்கம் யாரையோ போட்டு அடிக்கிறார்கள்.

"தொப்! தொப்!"

ஜேசுரட்ணம் கையிலிருந்த குடையைத் திருப்பி, கைபிடி மேலே வரும்படி பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் டார்ம்ஸ்டாட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். அந்த முப்பது வருடத்தில் அவர் பார்த்த சண்டையெல்லாம் ரிக்கெற் இல்லாதவனுக்கும் ரிக்கெற் கேட்டவனுக்கும் நடந்ததுதான். ஓய்வுக்குப் பிறகுதான் நிஜமான சண்டைகளைப் பார்க்கிறார். எல்லாம் பக்கத்தில் நிற்கிற இந்தப் பெண்ணின் புண்ணியம்.

"பிள்ளை, நீ பின்னால நில். உள்ளுக்கு ஒருத்தன்ரை எலும்பு முறியுது."

"எலும்பு முறிஞ்சா ஆள் கத்தும் அண்ணை," என்றாள் ஆதிரை.

"கத்த ஏலாதபடி வாயிலை துணி அடைஞ்சிருப்பான்."

"ஆளை அடிக்கிற இடத்திலை ஏன் உள்ளிப்பூண்டு மணக்குது?"

அவள் கதவைத் தள்ளினாள். உணவகத்தின் சமையல்கட்டு. நடுவில் ஒரு சலவைக்கல் மேசை. அதன் முன்னால் மலைபோல ஒருவன், இரண்டு கையாலும் ஒரு பேய்க்கணவாயைத் தலைக்கு மேலே தூக்கி, எட்டுக் கால்களும் பறக்கக் கல்லில் ஓங்கி அறைந்தான். தொப்! ஜேசுரட்ணத்தின் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது.

"அடிக்காவிட்டால் பதம் வராது," என்றான் அவன் ஜெர்மன் மொழியில், மூச்சு வாங்க. "எங்கள் ஊரில் துறைமுகக் கல்லிலேயே வைத்து அடிப்பார்கள். நீங்கள் கோபாலனைத் தேடுகிறவர்களா? அவன் இருந்தால் நான் ஏன் அடிக்கிறேன்? இது அவன் வேலை."

அவன் பெயர் வீட்டோ. உணவகத்தின் முதலாளி. இத்தாலியின் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் பாரி என்ற நகரத்துக்காரன். காணாமல்போன கோபாலன் அவனிடம் பதினைந்து வருடம் சமையற்காரனாக இருந்தவன்.

காணாமல்போன கதையையும் சொல்லிவிடவேண்டும். ஜூன் நாலாம் திகதி கோபாலன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக விடுமுறை எடுத்துக்கொண்டு பாரிக்குப் புறப்பட்டான். ஐந்து நாள் அவனுடைய போனிலிருந்து படங்கள் வந்தன. ஐந்தாம் நாள் ஒரு செய்தி: 'நான் இஞ்சயே நிக்கப்போறன். ஒருத்தரும் தேடவேண்டாம்.' அதோடு போன் செத்துவிட்டது. வளர்ந்த மனிதன் தன் விருப்பத்துக்கு எங்கும் இருக்கலாம் என்று பொலிஸ் கையை விரித்தது. தமையன் உருத்திரமூர்த்தி, லொறி ஓட்டுகிறவர், மூன்று நாளைக்கு முன்னால் ஆதிரையின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். "போய்ப் பாரியிலை தேடுங்கோ பிள்ளை. பிளேன் ரிக்கெற் நானே போட்டுத் தாறன்."

பிளேன் இன்றைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு. ஜேசுரட்ணத்தின் பெட்டியில் பூப்போட்ட நீச்சல் காற்சட்டை ஒன்றும் பனாமாத் தொப்பி ஒன்றும் மடித்தபடி கிடந்தன. ஜூன் மாதத்துக் கடல், இன்னும் கூட்டம் சேராத கரை, விடியவே சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழும்புமாம். எல்லாவற்றையும் அவர் படித்து வைத்திருந்தார். போகமுதல் ஒரேயொரு இடம் பார்க்கவேண்டும் என்று ஆதிரை இழுத்துக்கொண்டு வந்த இடம்தான் இந்தச் சமையல்கட்டு.

"உங்களுக்கும் படம் அனுப்பினானா?" என்று ஆதிரை வீட்டோவிடம் கேட்டாள்.

"அனுப்பினான்! துரோகி!" வீட்டோ கணவாயை இன்னொரு தடவை அறைந்தான். "என் அம்மா ஒரு மெழுகுதிரி கொடுத்துவிட்டாள். புனித நிக்கலஸின் கல்லறையில் கொளுத்தவேண்டும். தொண்ணூறு வயதுக் கிழவியின் நேர்த்தி. கோயில் கதவு திறந்துதான் கிடக்கும். உள்ளே போய்ப் படி இறங்கினால் கல்லறை. அவன் என்ன செய்தான் பாருங்கள்!"

போனை நீட்டினான். வெள்ளைக்கல் கோயில், வெயில் கொட்டுகிற முற்றம், வெளிவாசல் படி. படியில் ஒரு மெழுகுதிரி. கொளுத்தவே இல்லை. வெயிலில் இளகி, வில்லுப்போல வளைந்து கிடந்தது.

"அவ்வளவு தூரம் போனவன் உள்ளே போகவில்லை! கேட்டால் பதில் இல்லை!"

"அவன் அங்கே என்ன சாப்பிட ஆசைப்பட்டான்?"

வீட்டோவின் முகம் கொஞ்சம் இளகியது. "விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகவேண்டும், மீனவனின் கையால் பச்சைக் கணவாய் வாங்கி அங்கேயே நின்று தின்னவேண்டும். பதினைந்து வருடமாக இதே பேச்சு. பச்சை மீனுக்காகத்தான் போனான். கடலுக்காகக்கூட இல்லை."

ஆதிரை அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறவில்லை. மரத்தடியில் நின்று யாருக்கோ போன் பண்ணினாள். ஜேசுரட்ணத்தின் காதில் இரண்டு மூன்று சொற்கள்தான் விழுந்தன. "அவுட்டோபான் நெடுஞ்சாலை... நாலாம் திகதியிலிருந்து... ஆம், பெயர் தெரியாதவர் யாராவது."

அவள் முன்னர் பொலிஸில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். இன்னும் அங்கே நாலு பேர் அவள் குரலைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள்.

அவள் காரில் ஏறி, மடியில் போனை வைத்தாள். "அண்ணை, கோபாலன்ரை போனிலையிருந்து சாப்பாட்டுப் படம் மட்டும் பதினொண்டு வந்திருக்கு. பார்த்துச் சொல்லுங்கோ."

"பசிக்கிற நேரத்திலை உனக்கு விளையாட்டு." அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "தக்காளி வைச்ச ரொட்டி. காது மாதிரி ஒரு பாஸ்தா, கீரையோடை. அவிச்ச போஞ்சிவிதைக் களி. திரும்பவும் ரொட்டி. செர்ரிப்பழம். கத்தரிக்காய். திரும்பவும் ரொட்டி. உவன் என்ன சமையற்காரனா, வெதுப்பகக்காரனா?"

"என்ன இல்லை?"

"கோபாலன்ரை மூஞ்சி இல்லை."

"அது முதல் நாளே தெரிஞ்சது. படம் எடுத்தது வேறை ஆள். தட்டிலை என்ன இல்லை?"

ஜேசுரட்ணம் மன்னாரில் பிறந்தவர். கேள்வி காதில் விழுந்ததும் முதுகு நிமிர்ந்தது. "மீன்! அட, ஒரு செதில்கூட இல்லை. கடல் காலை நக்கிற ஊரிலை நிண்டு கொண்டு கத்தரிக்காய் தின்னிறான்! என்ன, ஏதும் விரதகாரனோ?"

"விரதம் பிடிக்கிறவன் சாமியைத் தேடிப் போவான் அண்ணை. இவன் மீனும் தின்னேல்லை, கோயிலுக்குள்ளையும் போகேல்லை. வாசல்படி மட்டும் போய், மெழுகுதிரியை வைச்சிட்டுத் திரும்பியிருக்கிறான். ரெண்டையும் சேத்துப் பாருங்கோ."

"எனக்குச் சேரேல்லை."

"உங்கடை வேதக்கார ஆக்களுக்குச் சேராது. எங்கடை வீட்டிலை ஒரு சாவு விழுந்தா முப்பத்தொரு நாள் துடக்கு. மச்சம், மீன் இறைச்சி ஒண்டும், தொடக்கூடாது. கோயிலுக்குள்ளை காலடி வைக்கக்கூடாது. சவரம்கூடச் செய்யாத ஆக்கள் இருக்கினம்."

ஜேசுரட்ணம் போனைக் கீழே வைத்தார். "அப்ப பாரியிலை நிண்டு படம் எடுத்தவன்..."

"கோபாலனுக்குத் துடக்குக் காத்தவன். நாங்கள் எல்லாரும் கோபாலன் கணவாய் தின்னிறான் எண்டு நினைச்ச அந்தக் கிழமையிலை, ஒரே ஒருத்தனுக்குத்தான் கோபாலன் செத்தவன்."

தெருவில் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது. ஜேசுரட்ணம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் அது முதல் தடவை.

"கொலை செய்தவன்தான் துடக்குக் காத்திருக்கிறான் எண்டு சொல்லுறாய். கொல்லேக்கை பயப்படாதவன் கோயில் படிக்கு ஏன் பயப்பட்டவன்?"

"கொல்லுறது கோபத்திலை. அது முடிஞ்சாப் பிறகுதானே பயம் வரும்."

"சரி. ஆர்?"

"துடக்கு எல்லாருக்கும் வராது அண்ணை. கூட்டாளிக்கு இல்லை, முதலாளிக்கு இல்லை, எதிரிக்கும் இல்லை. தகப்பன் வழி இரத்தத்துக்கு மட்டும்தான். கோபாலனுக்கு இந்த ஜெர்மனியிலை அப்பிடி எத்தினை பேர்?"

ஜேசுரட்ணத்துக்கு அலுவலகத்தில் அழுத முகம் நினைவுக்கு வந்தது. ஒரு கிழமைத் தாடி. கவலை என்று நினைத்தார்கள். தட்டில் வைத்த மீன் கட்லட்டை அந்த மனிதர் கையால் தள்ளிவிட்டார். துக்கம் என்று நினைத்தார்கள். தள்ளிய கை இடக்கை. அதில் முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து கிடந்தது.

"பிள்ளை!" அவர் ஸ்டீயரிங்கில் அடித்தார். "அந்தக் கிழமை தான் போலந்துக்கு லோட் கொண்டு போனதாச் சொன்னவர். போலந்திலை அந்தக் கிழமை முழுக்க மழை. செய்தியிலை வெள்ளம் காட்டினவங்கள். வண்டி ஓட்டுறவனுக்கு யன்னல் பக்கத்து இடக்கைதான் வெயிலிலை எரியும். உரிஞ்சது அவற்றை இடக்கை! மழையிலை தோல் உரியுமோ?"

"ஏன் இதை மூண்டு நாளா என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீச்சல் காற்சட்டை வாங்கிற யோசனையிலை இருந்திட்டன்."

ஆதிரை சிரிக்கவில்லை. "எங்களைப் பாரிக்கு அனுப்பினதே எதுக்கு? நாங்கள் போய்த் தேடி, ஆள் இத்தாலியிலைதான் துலைஞ்சது எண்டு எழுதிக் குடுக்கவேணும். அதுக்குத்தான். வண்டியை எடுங்கோ. அவற்றை வீட்டிலை ஒரு மனிசி இருக்கு."

---

மூன்றாம் மாடி. கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. மற்றக் கண் வீங்கி மூடியிருந்தது.

"அவர் இல்லை," என்றாள் கமலநாயகி. "கோயில் தேர். கார் நிப்பாட்டிற இடத்துக்குப் பொறுப்பா நிக்கிறார்."

"கண்ணிலை என்ன தங்கச்சி?" என்றார் ஜேசுரட்ணம்.

"அலுமாரிக் கதவு பட்டது."

"கழுத்திலையும் அதே அலுமாரியோ? அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கே."

சங்கிலி கொஞ்ச நேரம் அசையாமல் தொங்கியது. பிறகு கழன்றது.

குசினி மேசையில் வெண்டிக்காய் வெட்டிப் பாதியில் கிடந்தது. ஆதிரை உட்காரவில்லை. "அக்கா, எத்தினை நாளா வீட்டிலை மரக்கறி?"

"அவர் லொறியாலை வந்த நாளிலையிருந்து. மச்சம் மணக்கக்கூடாது எண்டிட்டார். நிலத்திலைதான் படுக்கிறார். கேட்டதுக்குத்தான்..." அவள் கழுத்தைத் தொட்டாள்.

"அது மட்டுமோ?"

கமலநாயகி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, யாரோ அடைத்து வைத்த தண்ணீர் திறந்ததுபோல வந்தது பேச்சு. "கோபாலன்தான் என்ரை காயங்களைப் படம் எடுத்தவன். ஒவ்வொரு அடிக்கும் திகதி போட்டு எடுத்து வைச்சவன். 'அண்ணி, நான் சாட்சி சொல்லுறன், பொலிஸிலை டெர்மின் எடுத்து நாள் குறிச்சிருக்கிறன், பதின்மூண்டாந் திகதி. பாரிக்குப் போயிட்டுப் பதினோராந் திகதி வந்திடுவன்' எண்டவன். டெர்மின் கடிதம் இவற்றை கையிலை அம்பிட்டிட்டுது. நான் செத்தன் எண்டு நினைச்சன். இவர் ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவர். 'தம்பியை நானே கொண்டுபோய் ரெயில் ஏத்திவிடுறன்' எண்டவர். பதின்மூண்டாந் திகதி நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசல்ல இருந்தன். கோபாலன் வரேல்லை. இவர் வந்தார்."

ஜேசுரட்ணம் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பிள்ளை, கோபாலன் இத்தாலியிலைதானே நிக்கிறான்?" என்று கேட்டாள் கமலநாயகி.

"அக்கா, செருப்பைப் போடுங்கோ," என்றாள் ஆதிரை. "இந்த வீட்டிலை இனி ஒரு நிமிசமும் நிக்கவேண்டாம்."

---

கோயில், நகரத்துக்கு வெளியே தொழிற்பேட்டையில், டயர்க் கிடங்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. தேர் கிளம்பிவிட்டது. தவிலும் நாதஸ்வரமும் தகரக் கூரைகளில் மோதித் திரும்பின. தார் ரோட்டில் ஆண்கள் தேங்காய் அடித்தார்கள். நூறு, இருநூறு, சிதறிச் சிதறிப் பறந்தன. ஜேசுரட்ணத்துக்கு ஒவ்வொரு அடியும் மண்டையில் விழுவதுபோல இருந்தது.

காரைத் தெருவின் மறுகோடியில், வேலியோரம் நிறுத்தினார்கள். அங்கேதான் உருத்திரமூர்த்தியின் லொறியும் நின்றது. அவர் நடுத்தெருவில் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையோடு கையைக் காட்டி வாகனங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பொலிஸுக்குச் சொல்லியாச்சு," என்றாள் ஆதிரை. "ஆனா தேர் ரோட்டை மறிச்சுக்கொண்டு வருது. சுத்தித்தான் வருவினம். அக்கா, நீங்கள் காருக்குள்ளை குனிஞ்சு இருங்கோ. அண்ணை, உவரைப் பாருங்கோ."

ஜேசுரட்ணம் பார்த்தார். தேர் பத்து அடி முன்னால் வந்தது. உருத்திரமூர்த்தி பதினைந்து அடி பின்னால் போனார். தேர் நின்றது, அவரும் நின்றார். தேர் நகர்ந்தது, சிவப்புக் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு அவரும் நகர்ந்தார்.

"டிராமுக்கு முன்னாலை போற புறா மாதிரி," என்றார் ஜேசுரட்ணம்.

"போன வருசம் முதல் ஆளா வடம் பிடிச்சவராம். ஒரு வேலை செய்யுங்கோ. அந்தா, விபூதி குடுக்கிற அம்மாவிட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டுபோய் அவருக்குக் குடுங்கோ."

"நானோ? மன்னார்க் கத்தோலிக்கன் விபூதி குடுக்கிறதோ? பாதர் அறிஞ்சா?"

"பாதருக்கு நான் சொல்லமாட்டன்."

அவர் போனார். இலையில் விபூதியோடு நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அண்ணை, இந்தாங்கோ. அம்பாள் உங்களைத் தேடி வந்திருக்கிறா."

உருத்திரமூர்த்தி நெருப்பைக் கண்டதுபோலப் பின்வாங்கினார். "வேண்டாம்! கை அழுக்கு."

"நெத்தியைக் காட்டுங்கோ, நான் பூசிவிடுறன்."

"வேண்டாம் எண்டுறன்!" கை ஓங்கி இலையைத் தட்டிவிட்டது. விபூதி காற்றில் புகைபோலப் பரவியது. அப்போதுதான் அவர் ஜேசுரட்ணத்தின் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வீங்கிய கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவளை ஆர் வெளியிலை கொண்டந்தது?"

ஜேசுரட்ணம் பதில் சொல்வதற்குள் மனிதர் லொறிக்குள் கையை விட்டார். வெளியே வந்த கையில் சில்லுக் கழற்றுகிற இரும்பு. முழங்கை நீளம்.

முதல் அடி காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி வெண்மையாக வெடித்துக் கமலநாயகியின் மடியில் கொட்டியது. இரண்டாவது அடி கதவில். மூன்றாவதை ஜேசுரட்ணத்தின் குடை வாங்கியது. குடை இரண்டாக முறிந்தது. நாலாவதை அவருடைய முன்கை வாங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கு இப்போது தெரிந்தது. ஆதிரை சொன்னது சரிதான். ஆள் கத்தும். அவர் கத்தினார்.

தேங்காய் வெடிக்கிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

உருத்திரமூர்த்தி காருக்குள் கையை விட்டு, மனைவியின் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். கண்ணாடித் தூள் மேல் அவள் முழங்கால் உராய்ந்தது. இரத்தம் அவருடைய வேட்டியில் பட்டது. "சாட்சியோ? சாட்சி கேக்குதோ உனக்கு? அவனும் லொறியிலை இருந்து இதைத்தான் சொன்னவன். எனக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு, எனக்குப் புத்தி சொன்னவன்!"

இரும்பு மேலே போனது.

அந்த நேரத்தில் ஆதிரையின் போன் அதிர்ந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். ஜேசுரட்ணம் தரையில் கிடந்தபடி அவளுடைய முகம் மாறுவதைக் கண்டார். சரி, உடலைக் கண்டெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். அவள் ஓடவில்லை. கத்தவில்லை. இரும்புக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"மூர்த்தி அண்ணை, செருப்பைக் கழட்டுங்கோ."

"விலகு!"

"தேர் கிட்ட வந்திட்டுது. செருப்பைக் கழட்டிப்போட்டுப் போய்க் கும்பிடுங்கோ. உங்களுக்குத் துடக்கில்லை."

இரும்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன சொல்லுறாய்?"

"உங்களுக்குத் துடக்கில்லை எண்டுறன். ஃப்ரைபுர்க்குக் கிட்ட, லொறி நிப்பாட்டிற இடத்துக்குப் பின்னால இருக்கிற பள்ளத்திலைதானே தள்ளிவிட்டனீங்கள்? மண்டை உடைஞ்சது உண்மை. ஆனா நீங்கள் நாடி பிடிச்சுப் பாக்கேல்லை. விடிய நாயோடை நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பாத்தவர். பதினொரு நாளாப் பேரில்லாத ஆளா ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். இண்டைக்குக் காலமை கண் முழிச்சிட்டார்."

"பொய்."

ஆதிரை போனைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் தலை முழுக்கக் கட்டு. மூக்கில் குழாய். கட்டுக்குக் கீழே இரண்டு கண்கள் திறந்திருந்தன. தம்பியின் கண்களைத் தமையனுக்குத் தெரியாதா?

"ஆளுக்கு இன்னும் பேச்சு வடிவா வரேல்லை. ஒரு சொல்லுத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறாராம். என்ன பாஷை எண்டு அங்க ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எழுதி அனுப்பியிருக்கினம். 'அண்ணி' எண்டு."

கமலநாயகியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"பதினொரு நாள்," என்றாள் ஆதிரை. "பாரிக்குப் போய்க் கத்தரிக்காய் திண்டியள். கோயில் படியிலை நிண்டு திரும்பினியள். நிலத்திலை படுத்தியள். உயிரோடை இருக்கிறவனுக்குத் துடக்குக் காத்தியள். இனி வேண்டாம். போங்கோ, அந்தா அம்பாள்."

தேர் திரும்பி, நேராக அவர்களை நோக்கி நின்றது. நாதஸ்வரம் மூச்சு வாங்க ஓய்ந்தது. பின்னால் வேலி. பக்கத்தில் லொறி. முன்னால், இருபது அடியில், பூவுக்குள்ளிருந்து அம்பாளின் வெள்ளிக் கண்கள்.

இரும்பு தார் ரோட்டில் விழுந்து இரண்டு தடவை துள்ளியது.

இப்போது அவர் போகலாம். தடுக்க ஒரு துடக்கும் இல்லை. உருத்திரமூர்த்தி ஒரு செருப்பைக் கழற்றினார். மற்றதைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே தரையில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அந்த இடத்திலிருந்து தூக்க இரண்டு பொலிஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

---

அம்புலன்ஸில் ஜேசுரட்ணத்தின் கைக்குத் தற்காலிகக் கட்டுப் போட்டார்கள். எதிர் இருக்கையில் கமலநாயகி. ஒரு இளைஞன் இடுக்கியால் அவள் முழங்காலிலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் முகம் சுழிக்கவே இல்லை. இதைவிடப் பெரிய வலியெல்லாம் பழகிய முகம்.

"ஆறு மணிப் பிளேன்," என்றார் ஜேசுரட்ணம் பெருமூச்சோடு. "நீச்சல் காற்சட்டையிலை இன்னும் விலைச்சீட்டுக்கூடக் கழட்டேல்லை."

"ஃப்ரைபுர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் ஆதிரை. "அங்கயும் ஒரு ஆறு ஓடுது."

"உனக்கு ஆள் உயிரோடை இருக்கிறது எப்ப தெரியும்?"

"உங்கடை கை முறிஞ்சாப் பிறகு."

"கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா கை மிஞ்சியிருக்கும்."

கமலநாயகி மெல்லக் கேட்டாள். "பிள்ளை, ஆஸ்பத்திரியிலை வெளிச் சாப்பாடு குடுக்க விடுவினமோ?"

"கேட்டுப் பாப்பம் அக்கா. ஏன்?"

"கோபாலன் பேய்க்கணவாய் எண்டா உயிரை விடுவான். இண்டைக்குத் தேர், ஏலாது. நாளைக்கு விடியக் காய்ச்சிக்கொண்டு போவம். எங்க வாங்கலாம்?"

ஜேசுரட்ணம் வலியை மறந்து நிமிர்ந்தார். மீன் பேச்சு வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. "ஒரு இத்தாலிக்காரன் இருக்கிறான் தங்கச்சி. கல்லிலை போட்டு அந்த மாதிரி அடிச்சுத் தருவான். அடிக்காட்டிப் பதம் வராதாம்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முறியாத கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கமலநாயகி மூடாத ஒற்றைக் கண்ணால் அவரை நேராகப் பார்த்தாள்.

"அடிக்காததா வாங்கித் தாங்கோ அண்ணை," என்றாள். "மெல்லிய நெருப்பிலை வைச்சா அதுபாட்டுக்குப் பதம் வரும்."